நூறு ரூபாய் நூறாகவே வந்த கதை

சித்தாத்திக்கொல்லையில் தென்னை மரம் அதிகம். அதைவிட யோசனை அதிகம். தேங்காய் எந்த மரத்திலிருந்து விழுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். யோசனை எங்கிருந்து விழுகிறது என்று யாருக்கும் தெரியாது. விழுந்தால் பெரும்பாலும் அந்த நான்கு பேர் தலையில்தான் விழும்.

நால்வரில் மூத்தவர் அடைக்கலம். அவர் மனைவியின் தம்பி தங்கையா, ஊரிலேயே நல்ல போன் வைத்திருப்பவன். பங்காளி மாரிக்கண்ணு, எதைக் கேட்டாலும் கண்ணை மூடி யோசிப்பவன். சில சமயம் யோசனை முடிந்த பிறகும் கண் திறக்காது. கடைசி ஆள் வேம்பையா. பெரிய உடம்பு. சொன்னதைச் செய்வான், சொன்னதை மட்டும். "பஸ் வருதான்னு பாத்துட்டு வா" என்று அனுப்பினால், பஸ் வருவதைப் பார்த்துவிட்டு, அது போவதையும் பார்த்துவிட்டு, திரும்பி வந்து "வந்துச்சுண்ணே" என்பான்.

நால்வரும் சேர்ந்து தென்னை ஈர்க்கில் விளக்குமாறு கட்டி விற்றார்கள். கட்டியது அடைக்கலத்தின் மனைவி செகதாம்பாள். மற்றபடி எல்லாம் இவர்கள்தான். சந்தையில் நாற்பது ரூபாய்க்குப் போகிற விளக்குமாறு பட்டணத்துக்காரர்களிடம் நூறு ரூபாய்க்குப் போகும் என்று கேள்விப்பட்டு, தங்கையா தன் போனிலேயே ஒரு கடை திறந்தான்.

திறக்க ஒரு மாதம் ஆயிற்று. 'இந்த ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று போனுக்கு ஒரு செய்தி வந்தது. அடுத்த நிமிடமே, 'ரகசிய எண்ணை இங்கே அடிக்கவும்' என்று அதே போன் கேட்டது. தங்கையா சிரித்துக்கொண்டான்.

"நம்மளச் சோதிக்குது மச்சான். நானா சொல்லுவேன்?"

ஒரு மாதம் போனிடமே அவன் வாய் திறக்கவில்லை. கடைசியில் செகதாம்பாள் போனைப் பிடுங்கி எண்ணை அடித்தாள். "இவகிட்ட ஒரு ரகசியம் நிக்காது" என்று அடைக்கலம் வருத்தப்பட்டார்.

கடை நன்றாகத்தான் ஓடியது. ஒரே ஒரு குறை. பெங்களூரில் ஒருவர் நூறு ரூபாய் போட்டால், சித்தாத்திக்கொல்லைக்குத் தொண்ணூற்றேழு ரூபாய் வந்தது.

"மூணு ரூவா எங்கடா?" என்றார் அடைக்கலம்.

"வழியில விழுந்திருக்கும்ண்ணே" என்றான் வேம்பையா. "நான் வேணா ரோட்டோரமாப் பாத்துக்கிட்டே போயிட்டு வரவா?"

மாரிக்கண்ணு கண்ணை மூடினான். "பெங்களூருக்கும் நமக்கும் நடுவுல எத்தனை டோல்கேட்டு இருக்கு? காசு கட்டாம விடுவானா? பணம் தன்னோட செலவத் தானே பாத்துக்கிட்டு வருது."

மறுநாள் கடையில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: 'வாடிக்கையாளர்கள் தயவுசெய்து பணத்தை உள்ரோடு வழியாக அனுப்பவும்.' அதற்குப் பிறகும் தொண்ணூற்றேழுதான் வந்தது.

"உள்ரோட்டுலயும் கேட்டு போட்டுட்டானுங்க" என்றார் அடைக்கலம்.

மூன்று ரூபாய்க்காக இவ்வளவு கவலைப்பட வேண்டுமா என்று கேட்கலாம். கவலைக்குக் காரணம் கூரை. விளக்குமாறு அடுக்கி வைத்திருந்த கொட்டகையின் கீற்றுக் கூரை மக்கிப்போய், படுத்துக்கொண்டே நட்சத்திரம் பார்க்கிற அளவுக்கு ஆகியிருந்தது. ஈர்க்கு நனைந்தால் கறுத்துவிடும். கறுத்த விளக்குமாற்றைச் சந்தையில்கூட வாங்க மாட்டார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் தகரம் போட்டாக வேண்டும்.

செகதாம்பாள் ஒரு நாள் ஈர்க்கு சீவுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "போன வருச மழைக்கு விளக்குமாறு கட்டில்ல படுத்துச்சு, நான் அடுப்படியில படுத்தேன். இந்த வருசம் அது உள்ள வந்துச்சுன்னா, நீங்க நாலு பேரும் வெளிய. ஆமா, சொல்லிட்டேன்."

"நாங்க வெளிய போனா நனஞ்சுடுவோமே அக்கா?" என்றான் தங்கையா.

"நீ நனஞ்சா கறுக்கவா போற?"

தங்கையா தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

இத்தனை நாள் காணாமல் போன மூன்று மூன்று ரூபாயைக் கூட்டினால் தகரத்தில் அடிக்கிற ஆணிக்கு முக்கால்வாசி ஆகிறது என்று அடைக்கலம் கண்டுபிடித்தார். உடனே பணம் வாங்கித் தருகிற கம்பெனிக்குப் போன் போட்டார்கள். ஒரு பெண் எடுத்தாள்.

"அது டோல்கேட் இல்ல சார், எங்களோட கமிஷன்."

"கமிஷனே இல்லாமப் பணம் வர வழியே கெடையாதாம்மா?"

"வியாபாரப் பணம்னா கமிஷன் உண்டு சார். சொந்தக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கிட்டா கிடையாது."

"அப்ப வாங்குறவங்க எல்லாரும் எங்க சொந்தக்காரங்கன்னு போட்டுக்க தாயி."

"பொய் சொல்லக் கூடாது சார். சொந்தம் இல்லாதவங்களைச் சொந்தம்னு காட்டினா கணக்கையே முடக்கிடுவோம்."

போனை வைத்துவிட்டு நால்வரும் கொட்டகையில் உட்கார்ந்தார்கள்.

"பொய் சொல்லக் கூடாதுன்னுட்டா" என்றான் தங்கையா.

"நியாயந்தானே?" என்றார் அடைக்கலம். "அப்ப நெசமாவே எல்லாரையும் சொந்தக்காரங்களா ஆக்கிட வேண்டியதுதான்."

வேறு ஊராக இருந்தால் சத்தமில்லாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இவர்கள் யோக்கியர்கள். யோக்கியமாக இருக்க எவ்வளவு செலவாகும் என்பதுதான் இனி வருகிற கதை.

"பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தா சொந்தம்" என்றான் வேம்பையா.

"நம்ம நாலு வீட்டுக்கும் சேத்து இருந்தது ஒரே பொண்ணு. அதையும் கட்டிக்குடுத்தாச்சு. வாங்குறவங்க முப்பது நாப்பது பேரு" என்றார் அடைக்கலம்.

மாரிக்கண்ணு கண்ணை மூடினான். "மொதல்ல சொந்தம்னா என்னா? ரத்தம்ங்குறீங்க. கொசு ஒடம்புல நம்ம நாலு பேரு ரத்தமும் ஓடுது. கொசு நமக்குச் சொந்தமா?"

"இல்ல" என்றார்கள் மூவரும்.

"நம்ம விசேசத்துக்கு மொய் எழுதுறவன் சொந்தம். எழுதாதவன் கூடப் பொறந்தவனா இருந்தாலும் பகை. சரியா?"

இதில் எங்கே தப்பு என்று நானும் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். தப்பு இருக்கிறது. கைக்குத்தான் சிக்கவில்லை.

அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. ஒருவர் வீட்டில் விசேஷம் என்றால் ஊரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போடுவார். வந்தவர்கள் மொய் எழுதுவார்கள். நாளைக்கு எழுதியவர் வீட்டில் விசேஷம் வந்தால், வாங்கியவர் அந்த மொய்யையும் திருப்பி, அதன்மேல் புதிதாகவும் கொஞ்சம் வைக்க வேண்டும். இப்படியே போகும். ஆகவே விளக்குமாற்று விலையை மொய்யாக வாங்கிவிட்டால், வாங்குபவர் சொந்தக்காரர். சொந்தக்காரர் பணத்துக்குக் கமிஷன் இல்லை.

விசேஷம் வேண்டுமே? நான்கு வீட்டிலும் கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோவது எல்லாம் முடிந்திருந்தன. அப்போதுதான் வேம்பையாவுக்கு இன்னும் காது குத்தவில்லை என்பது ஞாபகம் வந்தது. சின்ன வயதில் நாள் குறித்தார்கள். விருந்துக்கு வாங்கிய ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. "ஆடு கெடச்சதும் குத்திக்கலாம்" என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். ஆடு இன்னும் கிடைக்கவில்லை. வேம்பையாவுக்கு வயது நாற்பத்தாறு.

பத்திரிகை தயாரானது. 'எங்கள் செல்வன் வேம்பையாவின் காதணி விழாவுக்குச் சொந்தபந்தங்கள் அனைவரும் வருக. மொய், விளக்குமாறு ஒன்றுக்கு ரூபாய் நூறு.' போனில் எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பினார்கள். இது ஏதோ புது மாதிரி விளம்பரம் என்று நினைத்துப் பட்டணத்தில் பலரும் பணத்தை அனுப்பினார்கள்.

ஒரே ஒரு இடைஞ்சல். காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். வேம்பையாவின் தாய்மாமன் காலமாகி வெகுகாலம் ஆகிறது.

"ஒரேயடியா மூணு விளக்குமாறு கேட்ட ஆளு யாரு?" என்றார் அடைக்கலம்.

"ஓசூர்ல சேஷகிரின்னு ஒருத்தரு."

"மூணு வாங்குறவரு சாதாரண சொந்தமா இருக்க முடியாது. அவரத் தாய்மாமன்னு போடு."

திருத்தி அனுப்பிய பத்திரிகையில் தன் பெயரைப் பார்த்த சேஷகிரி நிஜமாகவே கிளம்பி வந்துவிட்டார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒல்லியான மனிதர். "எனக்குக் கூடப் பொறந்த பொண்ணு கிடையாதுங்க" என்று செகதாம்பாளிடம் சொன்னார். "வாழ்க்கையில என்னை யாரும் தாய்மாமான்னு கூப்பிட்டதே இல்ல. பத்திரிகையைப் பார்த்ததும் ஒரு மாதிரி ஆயிடுச்சு." சொல்லிவிட்டுத் தட்டுத் தட்டாகச் சீரை எடுத்து வைத்தார். பழம், வெற்றிலை, மாலை, குட்டியாக ஒரு பட்டுச் சட்டை, ஒரு கிலுகிலுப்பை.

"குழந்தை எங்க?" என்றார் ஆசையாக.

வேம்பையா எழுந்து நின்றான்.

சேஷகிரி அண்ணாந்து பார்த்தார். நல்ல மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து மடியைத் தட்டினார். வேம்பையா உட்கார்ந்ததும் சேஷகிரி கண்ணுக்குத் தெரியாமல் போனார். பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது: "மெதுவா... மருமகனே, மெதுவா..."

காது குத்துகிற பத்தர் வலது காதில் ஊசியை இறக்கினார். வேம்பையா போட்ட சத்தத்தில் சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டார். அடுத்த நொடி அவன் ஆளைக் காணவில்லை. கையில் கிலுகிலுப்பையோடு தென்னந்தோப்பு வழியாக ஓடுகிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டுக்கொண்டே போயிற்று.

"இன்னொரு காதுங்க?" என்றார் பத்தர்.

"மொய்தான் வந்துருச்சே, போதும்" என்றார் அடைக்கலம்.

வந்துதான் இருந்தது. தங்கையா போனைத் தூக்கிக் காட்டினான். நூறு ரூபாய் நூறாகவே வந்திருந்தது. ஒரு ரூபாய் குறையவில்லை. நால்வரில் மூவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான்காமவன் இன்னும் திரும்பவில்லை. ஆடு, அரிசி, பந்தல், சமையல்காரர், வேம்பையா படம் போட்ட பெரிய பேனர் என்று ஆன செலவைப் பற்றி யாரும் பேசவில்லை. அது கமிஷன் இல்லையே.

ஊருக்குக் கிளம்பும்போது சேஷகிரி கொட்டகையை எட்டிப் பார்த்தார். மலை மாதிரி விளக்குமாறு. "அப்ப என்னோட மூணை நானே கையில எடுத்துக்கிட்டுப் போயிடட்டுமா?"

அடைக்கலம் பதறிப்போய்க் குறுக்கே நின்றார். "என்னா மாமா நீங்க! தாய்மாமன் கையில விளக்குமாத்தக் குடுத்து அனுப்புறதா? வெளிய தெரிஞ்சா ஊரு காறித் துப்பாது?"

"நான் அதுக்குத்தானே பணம்..."

"பணமா? நீங்க எழுதுனது மொய்யி மாமா!"

சேஷகிரி தேங்காயும் வெற்றிலையும் போட்ட தாம்பூலப் பையோடு ஓசூருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அன்று சாயங்காலம் நால்வரும் உட்கார்ந்து பேசினார்கள். வேம்பையா காதில் மஞ்சளோடு வந்திருந்தான்.

"சொந்தக்காரன் வீட்டுக்கு விளக்குமாறு அனுப்பினா என்னா அர்த்தம்?" என்று கேட்டான் மாரிக்கண்ணு.

"மூஞ்சியில முழிக்காதேன்னு அர்த்தம்" என்றார் அடைக்கலம்.

"உறவு முறிஞ்சுடும். உறவு முறிஞ்சா?"

"கமிஷன் வந்துரும்!" என்றார்கள் மூவரும், பேயைக் கண்டதுபோல.

ஆகவே யாருக்கும் விளக்குமாறு போகவில்லை. "அப்ப புதுசா யாராவது கேட்டாக் குடுக்கலாமில்ல?" என்றாள் செகதாம்பாள்.

"அந்நியனுக்கு வித்தாக் கமிஷன். சொந்தக்காரனுக்குக் குடுத்தா அவமானம். நீ பாட்டுக்குக் கட்டிக்கிட்டே இரு" என்றார் அடைக்கலம். "ரெண்டும் இல்லாத ஆளு ஒருத்தன் என்னிக்காவது வருவான்."

வாடிக்கையாளர்கள் போன் மேல் போன் போட்டார்கள். விளக்குமாறு எங்கே, இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பு என்றார்கள். தங்கையா எல்லோருக்கும் ஒரே பதிலை அன்பாகச் சொன்னான்: "மொய்யச் சும்மாத் திருப்புறது மரியாத இல்லீங்க. நீங்க ஒரு விசேசம் வைங்க, நாங்க வந்து செஞ்சுடுறோம்."

பட்டணத்துக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தாம்பரத்தில் ஒரு அம்மாள் மாடித் தொட்டி கழுவியதற்கு விருந்து வைத்தாள். கோயம்புத்தூரில் ஒருவர் தன் நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடினார். சேலத்தில் ஒருவருக்கு எந்தக் காரணமும் கிடைக்காமல், 'வெள்ளிக்கிழமையை முன்னிட்டு' என்று அழைத்தார். நால்வரும் வேட்டி கட்டிக்கொண்டு ஒன்று விடாமல் பஸ் ஏறிப் போனார்கள். பழைய மொய் நூறு, அதன்மேல் புது மொய் நூறு. நாய்க்குத் தனியாக ஒரு மாலை.

போகும்போதெல்லாம் போனில்தான் மொய் செய்தார்கள். இருநூறும் இருநூறாகவே போய்ச் சேர்ந்தது. "பாத்தியா, போகும்போதும் கமிஷன் இல்ல!" என்று அடைக்கலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமெல்லாம் சொன்னார்.

கையிலிருந்த பணம் தீர்ந்த அன்று மழை பிடித்துக்கொண்டது.

செகதாம்பாள் சொன்ன வார்த்தை தவறாதவள். விளக்குமாறு எல்லாம் வீட்டுக்குள் போயின. கட்டில், பெஞ்சு, அடுப்படி, சாமி படத்துக்குக் கீழே என்று எல்லா இடத்திலும் சாய்ந்துகொண்டன. நால்வரும் கொட்டகையில் நின்றார்கள். கூரை வழியாக மழை, வெளியில் பெய்வதைவிட ஒழுங்காகப் பெய்தது.

"அந்த பேனரயாவது மேல கட்டித் தொலைங்களேன்!" என்று கதவிடுக்கில் கத்தினாள் செகதாம்பாள்.

"வேம்பையா மூஞ்சி போட்டது அக்கா, நனஞ்சுரும்!" என்று சொல்லித் தங்கையா பேனரை ஓடிப்போய்ச் சுருட்டி வீட்டுக்குள் கொடுத்தான். அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டாள்.

அப்போது சேஷகிரி போன் செய்தார். "மருமகன் எப்படி இருக்கான்? காது ஆறிடுச்சா? என்ன அங்க சத்தம்?"

"மழை மாமா. கூரை இல்ல."

விவரம் எல்லாம் கேட்டார். "தாய்மாமன்னு ஒருத்தன் இருந்து என்ன பிரயோஜனம்?" என்றார். "நான் பணம் அனுப்பறேன். போய் முதல்ல தகரம் வாங்குங்க. அப்புறம்... கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. நான் இன்னும் பழைய துண்டாலதான் வீட்டைக் கூட்டிக்கிட்டிருக்கேன்..."

"சும்மா இருங்க மாமா, விளையாடிக்கிட்டு!" என்று அடைக்கலம் போனை வைத்தார்.

பணம் முழுசாக வந்தது. கூரைக்குச் சரியாகப் போதும். நால்வரும் மழையிலேயே அறந்தாங்கிக்குப் போய் ஒரு தகரக் கடையில் ஏறினார்கள். தகரம் வண்டியில் ஏறியது. தங்கையா போனை நீட்டினான்.

"போன்ல அனுப்புறதா இருந்தா நூத்துக்கு ரெண்டு ரூவா சேத்து அனுப்பிருங்க" என்றார் கடைக்காரர். "கம்பெனிக்காரன் எங்ககிட்டப் பிடிக்கிறான்."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எறக்கு" என்றார் அடைக்கலம்.

"எதங்க?"

"தகரத்த."

வண்டியிலிருந்து தகரம் இறங்கியது. விஷயத்தைக் கேட்டுச் செகதாம்பாள் போனில் அலறுவது தெரு வரைக்கும் கேட்டது. "பாங்கு மிஷின்ல பணமா எடுத்துக் குடுங்களேன்டா, பாவிகளா!" மிஷினுக்கு ரகசிய எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தங்கையா அவளுக்குப் பொறுமையாக விளக்கினான்.

மாரிக்கண்ணு கடைப்படியில் உட்கார்ந்து கண்ணை மூடினான். மழை அவன் தலையில் விழுந்து மூக்கு வழியாக வடிந்தது. வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தான்.

"அண்ணே, தப்பு நம்ம மேலதான். முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்டத் தகரம் வாங்க வந்துருக்கோம். இவரு நம்ம விசேசத்துல வந்து ஒரு நூறு ரூவா மொய் எழுதட்டும். சொந்தமாயிடுவாரு. அப்புறம் தகரத்துக்கு அனுப்புற பணத்துக்கு எவன் கமிஷன் கேப்பான்?"

"விசேசத்துக்கு எங்கடா போறது?"

மூன்று தலைகள் மெதுவாக ஒரே பக்கம் திரும்பின.

"நல்லவேள" என்று அடைக்கலம் பெருமூச்சு விட்டார். "அன்னிக்கு அவசரப்பட்டு ரெண்டு காதையும் குத்தாம விட்டோம்."

வேம்பையா இடது காதைப் பொத்திக்கொண்டு மழைக்குள் ஓடினான்.

"ஓடட்டும் விடு, பத்திரிக அடிக்கிறதுக்குள்ள வந்துருவான்" என்றார் அடைக்கலம்.

"விருந்துச் செலவுக்கு மச்சான்?" என்றான் தங்கையா.

"ஏண்டா, கூரைப் பணம் முழுசா அப்படியே இருக்குல்ல?"

சொல்லிவிட்டு, தோள் துண்டைப் பிழிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கடைக்காரரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"மாமா, பத்திரிகையில உங்க பேர எப்படிப் போடணும்?"